காரணம்: இரண்டு

டிசம்பர் இருபத்தாறு. கென்னடி ரோட்டில் மைனஸ் பதினெட்டு.
கதவு திறக்க முன்னமே வரிசை
பக்கத்து டோனட் கடை வாசல்வரை வளைந்துவிட்டது.
என் சட்டையில் குத்திய பெயர் கௌசி.
மிச்ச எழுத்துகளுக்கு அட்டையில் இடம் காணவில்லை.

நான்கு நீள மேசைகளில் அறுபத்திரண்டு மடிக்கணினிகள்
வாயைத் திறந்தபடி இருக்கின்றன,
பல் டொக்டரிடம் கூட்டிவந்த பிள்ளைகள் மாதிரி.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒன்பதுதான்.
ஒன்பதும் கறுப்பு.
இப்போது ரோஜா நிறம், சாம்பல், பாசிப்பச்சை,
முதுகுப்பக்கம் முழுதாக மடங்குவது,
திரை கழன்று கையோடு வருவது,
தொட்டால் கேட்பது, தொட்டாலும் கேளாதது.

லொறி ஓட்டுகிறவருக்கு
ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் கொள்ளவேணும்.
தாதிப் படிப்புப் பிள்ளைக்குத் தோள் நோகக்கூடாது,
விலையும் நோகக்கூடாது; பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.
வீடு விற்கிற சத்தியேந்திரா
தன் கூட்டாளியுடையதைவிட மெல்லிசாய் ஒன்று கேட்கிறார்.
அது எவ்வளவு மெல்லிசு என்றேன்.
"அதைவிட" என்கிறார்.
ஒரு பெடியனுக்கு எழுத்துகளின் அடியில்
சிவப்பு வெளிச்சம் எரியவேணும்.
ஏன் என்று தாய் கேட்கிறா.
"வேகமாப் போகும்."
தாய் என்னைப் பார்க்கிறா.
நான் விலைச்சீட்டைப் பார்க்கிறேன்.

மடிக்கணினி என்று யார் பெயர் வைத்தார்களோ,
மடியில் வைப்பவரை நான் கண்டது குறைவு. சுடும்.
எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஆறு.
ஒன்று சலவை மெஷினுக்கு மேல்.
ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில், குழம்பு தெறித்துத் தெறித்து
நீளப் பொத்தான் ஒட்டிப்போய்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில்
இடமே விடாமல் எழுதுகிறது.

நவம்பர் கடைசியில் திரு. பிராத்வெயிட் பதினேழு அங்குலம் வாங்கினார்.
மனைவிக்காம். பார்பேடோஸில் இருக்கிற தங்கச்சிமாரின் முகம்
பெரிதாய்த் தெரியவேணுமாம்.
ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்:
ஆஸ்பத்திரிக் கட்டில் பலகையில்
சாப்பாட்டுத் தட்டும் இதுவும் ஒன்றாய்க் கொள்ளவில்லை.
பதினாலு கொடுத்தேன்.
அதுவும் வந்தது. பாரமாம்.
நெஞ்சில் வைத்துத்தான் பார்க்கிறாவாம்.
பிறகு பதினொன்று. எங்களிடம் உள்ளதில் அதுதான் சின்னது,
ஒரு கிலோவும் இல்லை.
"இதைவிடப் பாரம் குறைந்தது இல்லையா?"
மரிவிக் குடோன்வரை போய்த் தேடி
வெறுங்கையோடு திரும்பினா.

இன்று, சிவப்பு வெளிச்சப் பெடியனுக்குப் பின்னால்,
அதே சின்னப் பெட்டியோடு நிற்கிறார்.
வயரை ஒழுங்காய்ச் சுற்றியிருக்கிறார்.
ரசீதை நாலாய் மடித்திருக்கிறார்.

திரை என்னிடம் காரணம் கேட்கிறது.
ஒன்று, பழுது. இரண்டு, அளவு சரியில்லை.
மூன்று, விலை. நாலு, மனம் மாறியது.
ஐந்து, இனித் தேவையில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இரண்டை அழுத்தினேன்.

உள்ளே இருப்பதை அழித்து முடிக்க நாற்பது நிமிடம்.
முடிந்ததும் திரை வெளுத்து
உங்கள் மொழி எது என்று கேட்டது,
அதுவரை யாரையுமே சந்தித்திராத மாதிரி.
மூடியில் விரல் தடங்கள். ஈரத்துணிக்குப் போயின.
மூலையில் வசலின் பட்ட ஒன்று மட்டும்
ஸ்பிரிட் போடும்வரை இருந்தது.
மஞ்சள் ஸ்டிக்கர். எண்பது டொலர் கழிவு.

மூன்று மணிக்குத் தாதிப் படிப்புப் பிள்ளை
திரும்பி வந்தாள்.
ஒற்றை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
"இதில என்ன குறை?"

குறை ஒன்றுமில்லை என்றேன்.
நல்ல பாரம் குறைவு.